ஓய்வு நேர இசைக்குழு: புதிதாகச் சேருவோருக்கான நடைமுறை வழிகாட்டி

பகலில் வேறு வேலை பார்த்துக்கொண்டு, ஆர்வத்துக்காக மட்டும் வாசிக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு குழுவைத் தொடங்கும்போது அவர்களிடம் எது குறைவாக இருக்கிறது என்று கேட்டால், திறமை என்றோ நல்ல கருவி என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்து வருபவன் என்ற முறையில் நான் சொல்வது வேறு: எல்லாரும் ஒரே அறையில் கூடியிருக்கும் நேரம்தான் மிகக் குறைவானது. வாரத்துக்கு ஒருமுறை 2 மணி நேரம் கூடுவதாக வைத்துக்கொள்வோம். கருவிகளை எடுத்து இணைக்க 20 நிமிடமும், திரும்பக் கட்டி வைக்க 15 நிமிடமும் போனால் மிஞ்சுவது 85 நிமிடம். ஒருவர் அரை மணி நேரம் தாமதமாக வந்துவிட்டால் அதுவும் ஒரு மணி நேரத்துக்குக் கீழே இறங்கிவிடும். கீழே வரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அந்த 85 நிமிடத்தை எப்படிக் காப்பாற்றுவது, அதில் ஒருவர் வாசிப்பதை மற்றவர் எப்படித் தெளிவாகக் கேட்பது என்பதைப் பற்றியவைதான்.

1. கருவியைத் தொடுமுன் பேசிக்கொள்ள வேண்டியவை

ஒருவர் மாதம் ஒரு மேடையாவது ஏற வேண்டும் என்று நினைத்து வருவார். இன்னொருவருக்கு வாரத்தில் ஒரு மாலை மனம்விட்டு வாசித்தால் போதும். இரண்டும் நியாயமான ஆசைகளே. ஆனால் அவை வெளியே சொல்லப்படாமல் ஒரே குழுவுக்குள் கிடந்தால், ஆறு மாதத்தில் ஒருவருக்கு மற்றவர் மேல் மனக்கசப்பு வந்துவிடும். ஆகவே முதல் சந்திப்பில் கருவிகள் இல்லாமல் உட்கார்ந்து, மேடை ஏறுவதா இல்லையா, பிறர் பாடல்களா சொந்தப் பாடல்களா, வாரம் ஒருமுறையா இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா என்பவற்றைப் பேசி, முடிவை எல்லாரும் பார்க்கும்படி எழுதி வைத்துவிடுவது நல்லது.

ஒத்திகை நாளைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. எல்லாருக்கும் தோதான நாள் எது என்று ஒவ்வொரு வாரமும் கேட்டுக்கொண்டிருக்கும் குழு, கேட்பதிலேயே களைத்துவிடும். கிழமையையும் நேரத்தையும் நிலையாக வைத்துக்கொண்டு, வர முடியாதவர் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வராவிட்டாலும் ஒத்திகையை நிறுத்த வேண்டியதில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் வராத நாளில் குரல்களை மட்டும் எடுத்துக்கொண்டு, யார் எந்தச் சுரத்தில் சேர்ந்து பாடுவது என்பதைச் சரிசெய்யலாம். டிரம்ஸ் இருக்கும்போது அந்த வேலை ஒருநாளும் ஒழுங்காக நடப்பதில்லை.

பொறுப்புகளையும் அப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். அறையை ஏற்பாடு செய்வது, வெளியாருடன் பேசுவது, பொதுக் கணக்கைப் பார்ப்பது ஆகியவை ஆளுக்கொன்றாக இருந்தால் எல்லாம் ஒருவர் தலையில் விழாது. ஒரு பாடலின் அமைப்பில் கருத்து வேறுபாடு வந்தால், அந்தப் பாடலைக் குழுவுக்குக் கொண்டுவந்தவர் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொண்டால் விவாதம் சீக்கிரம் முடியும்.

2. வீட்டிலேயே முடித்துவிட வேண்டியவை

பயிற்சி வேறு, ஒத்திகை வேறு. உங்கள் விரல்களுக்கும் தொண்டைக்கும் உரிய வேலை பயிற்சி. அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும். ஐந்து பேர் வாசிப்பது ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒத்திகை. ஒத்திகை அறையில் ஒருவர் தம் பகுதியைக் கற்றுக்கொண்டிருந்தால், மற்ற நால்வரின் நேரத்தையும் அவர் செலவழிக்கிறார் என்று பொருள்.

பாடலை முடிவு செய்தவுடன், எந்தப் பதிவைக் கேட்டுக் கற்பது என்பதையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். ஒரே பாடலின் ஸ்டுடியோப் பதிவும் மேடைப் பதிவும் ஸ்கேலிலும் (பாடல் அமைந்துள்ள சுர நிலை) வேகத்திலும் பார்களின் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) எண்ணிக்கையிலும் வேறுபடுவது சாதாரணம். இருவர் இரு பதிவுகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டு வந்தால், இருவரும் சரியாகவே வாசித்தும் பாடல் சேராது.

பிறகு ஒவ்வொரு பாடலுக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே ஸ்கேலும், நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகமும் இருக்கட்டும். கீழே பாடலின் அமைப்பை வரிசையாக எழுதுங்கள்: முன்னிசை 8 பார், பல்லவி 8, சரணம் 16, இடையிசை 8 என்று. நீங்கள் வாசிக்காமல் நிற்க வேண்டிய இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் தவறுவது கடினமான விரல் நகர்வுகளில் அதிகம் இல்லை. இரண்டாவது சரணத்துக்குப் பின் இடையிசை வருகிறதா, மீண்டும் பல்லவியா என்று தெரியாமல் தடுமாறுவதில்தான் அதிகம். அந்த ஒரு பக்கத்தைப் பார்க்காமலே சொல்ல முடிகிற அளவுக்கு மனத்தில் ஏற்றிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

சீராகத் தட்டிக் காட்டும் கருவியான மெட்ரோனோமை உண்மையான வேகத்தில் எடுத்த எடுப்பில் வைக்காதீர்கள். 120-இல் வாசிக்க வேண்டிய பகுதியை 84-இல் தொடங்கி, தவறில்லாமல் மூன்று முறை வந்தபின் நான்கைந்து தட்டுகள் கூட்டிக்கொண்டே போகலாம். மேடையில் நின்றுகொண்டு வாசிக்கப் போகிறவர்கள் வீட்டிலும் நின்றே பயிற்சி செய்வது நல்லது, ஏனெனில் உட்கார்ந்திருக்கும்போது மணிக்கட்டு இருக்கும் கோணமும் தோள்பட்டியில் கிட்டார் தொங்கும்போது இருக்கும் கோணமும் வேறு. இன்னொரு பழக்கமும் வீட்டில்தான் வரவேண்டும்: தவறு நேர்ந்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்காமல், அடுத்த பாரின் முதல் தட்டில் மீண்டும் சேர்ந்துகொள்வது. தனியாக வாசிக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகியவர், குழுவிலும் தம்மை அறியாமல் நிறுத்திவிடுவார். அப்போது எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும்.

3. சுருதியும் ஸ்கேலும்

எல்லாரிடமும் டியூனர் (சுருதி காட்டும் கருவி) இருந்தும் குழு சுருதி சேராமல் ஒலித்தால், முதலில் டியூனர்களின் அடிப்படை அதிர்வெண்ணைப் பாருங்கள். ஏ என்னும் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பதே சர்வதேசத் தர அமைப்பு 1975-இல் வெளியிட்ட அளவு. ஆனால் பல டியூனர்களிலும் கீபோர்டுகளிலும் இதை மாற்றும் வசதி உண்டு. பொத்தான் ஒன்று தெரியாமல் அழுத்தப்பட்டு 442-இல் நின்றிருக்கலாம். ஓர் அரைச்சுரத்தை 100 சென்ட்டாகப் பகுத்தால் இந்த வேறுபாடு ஏறத்தாழ 8 சென்ட் மட்டுமே. தனியாகக் கேட்டால் தெரியாது. இரண்டு கருவிகள் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது அலைபோல் நடுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறையின் வெப்பமும் கணக்கில் வரவேண்டும். புல்லாங்குழல், சாக்ஸபோன், டிரம்பெட் போன்றவை ஊதி ஊதிச் சூடேறும்போது சுருதி ஏறும். கம்பிகள் சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போவதால், ஊதுகருவிக்காரர் 10 நிமிடம் ஊதிய பிறகு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து சுருதி பார்த்துக்கொள்வது அவசியம்.

ஸ்கேலைத் தீர்மானிக்க வேண்டியது பாடுபவரின் குரல். மூலப்பதிவின் ஸ்கேலில்தான் பாட வேண்டும் என்று அடம்பிடித்துத் தொண்டையை வருத்திக்கொள்வதில் பயன் எதுவும் இல்லை. கீபோர்டில் ஒரு பொத்தானில் மாற்றிவிடலாம், கிட்டாரில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் பிடிப்பான்) போடலாம். ஊதுகருவிகளுக்கு அப்படி ஒரு குறுக்குவழி இல்லை. டிரம்பெட்டும் டெனர் சாக்ஸபோனும் பி ஃபிளாட் கருவிகள், அதாவது அவற்றில் சி என்று வாசித்தால் ஒலிப்பது பி ஃபிளாட். மற்றவர்கள் சி என்று சொல்லும்போது அவர்கள் டி வாசிக்க வேண்டும். ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர் ஏ வாசிக்க வேண்டும். கிட்டார்காரர்களுக்கு மிக வசதியான ஈ மேஜர், டிரம்பெட்காரருக்கு ஆறு ஷார்ப்புகள் (அரைச்சுரம் ஏற்றிய சுரங்கள்) கொண்ட எஃப் ஷார்ப் மேஜராகப் போய் முடியும். ஊதுகருவி உள்ள குழுவில், குரல் இடம்கொடுத்தால், அரைச்சுரம் ஏற்றி எஃப் என்று வைத்துக்கொள்வது சக கலைஞருக்குச் செய்யும் பெரிய உதவி. அதே பாடல் அவருக்கு ஒரே ஷார்ப்புடன் ஜி மேஜரில் வந்து நிற்கும்.

4. அறையில் சத்தம்

புதிய குழுக்கள் எல்லாவற்றிலும் நான் காணும் பொதுவான சிக்கல் இது. டிரம்ஸ் சத்தத்தில் தம் கிட்டார் கேட்கவில்லை என்று ஒருவர் ஆம்பை (கருவியின் ஒலிபெருக்கியை) கூட்டுவார். உடனே பேஸ் கேட்காது, அதுவும் கூடும். கீபோர்டு கூடும். இறுதியில் பாடுபவர் மைக்கைக் கூட்டச் சொல்வார். மைக் கூவத் தொடங்கும். அதற்குமேல் அவர் கத்துவார். இரண்டு மணி நேரம் கழித்து எல்லாருக்கும் காது அடைத்திருக்கும், ஆனால் இன்னொருவர் என்ன வாசித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது.

இதற்குத் தீர்வு, வரிசையைத் தலைகீழாக்குவது. முதலில் பாடுபவரின் மைக்கை, கூவாமல் எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டி, அதிலிருந்து சற்றே குறைத்து நிறுத்துங்கள். அந்த அறையின் உச்சவரம்பு அதுதான். மற்ற எல்லாக் கருவிகளும் அந்தக் குரலுக்குக் கீழே அடங்க வேண்டும். டிரம்ஸ்காரர் மெல்லிய கோல்களையோ பிரஷ்களையோ பயன்படுத்தலாம். மெதுவாக அடித்தும் வேகம் குறையாமல் வாசிப்பது தனித்திறமை, அதைக் கற்றுக்கொள்ள ஒத்திகை அறையைவிட நல்ல இடம் இல்லை.

ஆம்ப் இருக்கும் இடமும் முக்கியம். தரையில் வைத்த ஆம்ப், வாசிப்பவரின் முழங்காலை நோக்கி ஒலிக்கிறது. எதிரே நிற்பவரின் காதுக்கு அது நேராகப் போய்ச் சேர்கிறது. அதனால்தான் தமக்குக் கேட்கவில்லை என்று அவர் கூட்டும்போது மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆம்பை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றியோ பின்பக்கம் சாய்த்தோ, அவருடைய காதை நோக்கித் திருப்புங்கள். பேஸ் ஆம்பைச் சுவர் மூலையில் வைத்தால் கீழ்ச்சுரங்கள் தேவைக்கு மேல் பெருகிக் குழம்பும், மூலையிலிருந்து நகர்த்திவிடுங்கள். பெரிய ஆம்ப் வாங்கினால் சரியாகிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சிறிய மாற்றமே. சத்தம் இரட்டிப்பானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

மைக் கூவுவதற்குக் காரணம், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகுவது. பாடுவதற்கான மைக்குகளில் பல கார்டியாய்டு வகை. அவற்றின் நேர் பின்புறம்தான் ஒலியை மிகக் குறைவாக ஏற்கும் திசை. ஆகவே ஸ்பீக்கர் மைக்கின் பின்புறம் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு வகை, பின்புறத்திலும் சிறிது ஏற்கும். அதற்கு மானிட்டரை (வாசிப்பவர்கள் கேட்பதற்காக அவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரை) பின்பக்கத்தில் சற்றுப் பக்கவாட்டாக வைக்க வேண்டும். மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடிப் பிடித்துப் பாடுவது பார்க்க அழகாக இருக்கலாம், ஆனால் அப்படிப் பிடித்ததும் அந்தத் திசைத் தன்மையே கெட்டுப்போய்க் கூவல் தொடங்கிவிடும்.

காதுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் பணியிட உடல்நலத்தை ஆராயும் நியாஷ் என்னும் அரசு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு, நாளொன்றுக்கு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி நேரம், 94-இல் 1 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். சிறிய அறையில் டிரம்ஸை ஓங்கி அடித்தால் 100-ஐ எளிதில் தாண்டும். உட்செவியில் ஒலியை உணரும் மயிரிழை அணுக்கள் அழிந்தால் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை. ஒத்திகை முடிந்து வீடு திரும்பியபின் காதில் ரீங்காரம் கேட்டால், அது ஓர் எச்சரிக்கை. இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள், மேல்சுரம் கீழ்ச்சுரம் எல்லாவற்றையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் இசை தெளிவாகவே கேட்கும். பஞ்சு வைப்பது உதவாது. அது மேல்சுரங்களை மட்டும் மழுக்கிவிட்டு மற்றவற்றை உள்ளே விட்டுவிடும். புதிதாகச் சேருபவர் தம் கருவிக்கு அடுத்தபடியாக வாங்க வேண்டிய பொருள் இந்தக் காதடைப்பான்தான் என்பேன்.

அக்கம்பக்கத்தாரைப் பற்றியும் ஒரு சொல். சுவரில் மெல்லிய ஃபோம் ஒட்டினால் வெளியே சத்தம் போகாது என்று பலர் நம்புகிறார்கள். ஃபோம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் மேல். இரண்டு விரல் தடிமன் ஃபோம் அதைத் தடுக்காது. கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும்தான் தடுக்கும். அவை இல்லாத இடத்தில் நேரத்தை முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு, சொன்ன நேரத்தில் நிறுத்துவதே வழி. எலக்ட்ரானிக் டிரம்ஸும் ஹெட்போனும் வைத்து ஒத்திகை பார்க்கும் முறையும் நன்றாகவே நடக்கிறது.

5. ஒத்திகையை நடத்தும் விதம்

எந்தப் பாடல்கள், எந்த வரிசையில் என்பதை இரண்டு நாள் முன்பே எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு பாடலில் தொடங்கி, மனமும் கையும் விழிப்பாக இருக்கும்போதே கடினமானதை எடுத்து, கடைசி 20 நிமிடத்தில் எங்கும் நிறுத்தாமல் மூன்று நான்கு பாடல்களை வாசித்து முடிப்பது எங்கள் குழுவில் நிலைத்துவிட்ட முறை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் கம்பிகளைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது. சிறிய ஒழுங்குதான், ஆனால் நான் பார்த்த குழுக்களில் ஒத்திகை நேரத்தை இதைவிட அதிகமாகத் தின்றது வேறெதுவும் இல்லை.

ஒரு இடம் சரிவரவில்லை என்றால் பாடலை முதலிலிருந்து வாசிக்காதீர்கள். தவறு நடக்கும் இடத்துக்கு 4 பார் முன்னே தொடங்கி, 4 பார் பின்னே நிறுத்தி, அதையே ஆறேழு முறை சுற்றி வாசியுங்கள். முதலிலிருந்து ஐந்து முறை வாசித்தால், நன்றாகத் தெரிந்த பகுதி இன்னும் நன்றாகும். தவறும் இடம் ஐந்தே முறை கடந்துபோயிருக்கும்.

ஒவ்வொரு ஒத்திகையையும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். பேஸ் ஆம்புக்கும் சிம்பல்களுக்கும் எட்டத்தில், தலை உயரத்தில் வைத்தால் கைபேசிப் பதிவே போதுமானது. ஒருமுறை ஒரு பாடலின் கடைசிப் பல்லவி ஏனோ பதற்றமாக ஒலிக்கிறது என்று எங்களுக்குள் மூன்று வாரம் பேச்சு நடந்தது. டிரம்ஸ்காரர் வேகம் கூட்டுகிறார் என்று நான் உறுதியாக நம்பினேன், அவரிடம் சொல்லவும் செய்தேன். பிறகு ஒருநாள் பதிவை எடுத்துக்கொண்டு தட்டு எண்ணிப் பார்த்தேன். 104-இல் தொடங்கிய பாடல் முடியும்போது 116-இல் இருந்தது. எங்கே கூடுகிறது என்று பகுதி பகுதியாகக் கேட்டபோது, டிரம்ஸ்காரர் ஒவ்வொரு முறையும் உருட்டு (தொடர்ந்து விரைவாக விழும் அடிகள்) வாசித்து முடித்து முதல் தட்டில் இறங்குவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்னதாகவே என் பேஸ் சுரம் விழுந்துகொண்டிருந்தது தெரிந்தது. அவர் என்னைத் துரத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஒத்திகையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உருட்டு வரும் அந்த நான்கு இடங்களில் அவருடைய வலது காலைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். பாடல் 104-இலேயே முடிந்தது. அன்றிலிருந்து, பதிவைக் கேட்காமல் இன்னொருவரைக் குறை சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குறையைச் சொல்லும்போதும் ஆளைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லுங்கள். ‘நீங்கள் எப்போதும் முந்துகிறீர்கள்’ என்பதற்கும், ‘இரண்டாவது சரணத்தின் ஏழாவது பாரில் நாம் ஒன்றாக இறங்கவில்லை’ என்பதற்கும் கேட்பவர் மனத்தில் ஏற்படும் விளைவு முற்றிலும் வேறு.

தொடக்கமும் முடிவும் தனியாக ஒத்திகை பார்க்கப்பட வேண்டியவை. யார் எண்ணுவது, எந்த வேகத்தில், ஒரு பார் எண்ணுவதா, இரண்டு பார் எண்ணுவதா என்பது ஒவ்வொரு பாடலுக்கும் முடிவாகியிருக்க வேண்டும். கடைசிச் சுரத்தை எவ்வளவு நேரம் பிடிப்பது, யாருடைய கையசைவில் நிறுத்துவது என்பதும் அப்படித்தான். நடுவில் நேரும் சிறு தவறுகளைக் கேட்பவர்கள் கவனிப்பதில்லை. ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் முடிப்பதை எல்லாரும் கவனிப்பார்கள்.

6. கேபிள், மின்சாரம், பை

எங்கள் முதல் நிகழ்ச்சியில், தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது கிட்டாரிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஒருவர் ஆம்பைத் தட்டினார், இன்னொருவர் பிளக்கை மாற்றினார், மூன்றாமவர் எல்லாப் பெடல்களையும் (கிட்டார் ஒலியை மாற்றும் சிறு பெட்டிகள்) கழற்றத் தொடங்கினார். நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நேரம் முழுவதும் அதில் போயிற்று. கடைசியில் இரண்டு பெடல்களை இணைக்கும் ஒரு சாண் நீளக் கேபிளில் பற்றவைப்பு விட்டிருந்தது. இப்போது நாங்கள் செய்வது இதுதான்: பெடல்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, நல்லது என்று தெரிந்த ஒரே கேபிளால் கிட்டாரை ஆம்பில் நேராகச் செருகுவோம். சத்தம் நின்றால் குறை பெடல் வரிசையில் இருக்கிறது. நிற்காவிட்டால் கிட்டாரிலோ ஆம்பிலோ. பிறகு பெடல் வரிசையைப் பாதியாகப் பிரித்துப் பார்ப்போம். இரண்டு நிமிடத்தில் ஆள் அகப்பட்டுவிடும்.

கேபிள்களில் புதியவர்கள் அறிய வேண்டிய வேறுபாடுகள் சில உண்டு. கிட்டாரை ஆம்புடன் இணைக்கும் கேபிளும், ஆம்பை ஸ்பீக்கர் பெட்டியுடன் இணைக்கும் கேபிளும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். இரண்டுக்கும் ஒரே 6.35 மில்லிமீட்டர் ஜாக். ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் மிக அதிகம். மெல்லிய கிட்டார் கேபிளை அங்கே பயன்படுத்தினால் கேபிள் சூடாகி ஆம்புக்கே சேதம் வரலாம். கிட்டார் கேபிள் நீளமாக ஆக, மேல்சுரங்கள் மங்கி இரைச்சலும் கூடும். 6 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது. மேடையிலிருந்து தொலைவில் உள்ள மிக்சருக்கு (எல்லா ஒலிகளையும் கலந்து அளவிடும் கருவி) போக வேண்டுமானால், கருவியின் ஒலியை நீண்ட கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் டி.ஐ. பாக்ஸ் ஒன்றின் வழியாக மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிளில் அனுப்ப வேண்டும். பெடல்களுக்கு மின்சாரம் தரும் அடாப்டரில் வோல்ட் அளவோடு முனைகளின் திசையையும் பாருங்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடுமுனை எதிர்மின் கொண்டவை. திசை மாறினால் பெடல் பழுதாகக்கூடும்.

ஆம்பிலிருந்து ‘ம்ம்ம்’ என்று தொடர்ந்து ஒரு கீழ்ச்சுர முனகல் வந்தால், அது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வு, அல்லது அதன் மடங்கு. கருவிகள் வெவ்வேறு பிளக் இணைப்புகளிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது இது அடிக்கடி நேரும். எல்லாவற்றையும் ஒரே இணைப்பிலிருந்து எடுத்துப் பாருங்கள், டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (ஒலிக் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிப்பது) மாற்றிப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். முனகல் நின்றுவிடும் என்பதற்காக அதைச் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆம்பில் ஒரு பழுது ஏற்படும் நாளில், கையில் கிட்டார் கம்பியும் உதட்டில் மைக்கும் பட்டுக்கொண்டிருக்கும் மனிதரின் உடல் வழியாகவே மின்சாரம் பாயும். இசைக்கலைஞர்கள் இப்படி உயிரிழந்திருக்கிறார்கள்.

ஒவ்வொருவரும் தம் பையில் மாற்றுக் கம்பிகள், கூடுதல் கேபிள் ஒன்று, பேட்டரிகள், டியூனர், துணி ஒட்டுநாடா, சிறு விளக்கு ஆகியவற்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும். கம்பிகளை நிகழ்ச்சிக்கு ஒருநாள் முன்பே மாற்றி, கையால் இழுத்து இழுத்துச் சுருதி நிலைக்கச் செய்துவிடுங்கள். புதுக்கம்பி நீண்டுகொண்டே இருக்கும், மேடையில் ஒவ்வொரு பாடலுக்கும் முறுக்காணியைத் திருகிக்கொண்டிருக்க நேரும்.

7. மேடை ஏறும் நாள்

உங்களுக்கு 45 நிமிடம் தரப்பட்டிருந்தால், 4 நிமிடப் பாடல்கள் 11 வாசிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கைதட்டல், சுருதி சேர்ப்பு, இரண்டு சொல் பேச்சு என்று பாடலுக்கு ஒரு நிமிடமாவது போகும். 9 பாடல்கள் போதும். கருவி மாற்றமோ சுருதி மாற்றமோ வேண்டிய பாடல்களை அடுத்தடுத்து வையுங்கள், அந்த மாற்றத்தை ஒருமுறையோடு முடித்துவிடலாம். முதல் பாடல், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கக்கூடியதாக இருக்கட்டும். சவுண்ட் இன்ஜினியர் அந்த நேரத்தில்தான் ஒலியைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

ஒரு வாரம் முன்பே, மேடையில் யார் எங்கே நிற்பார்கள் என்ற படமும், எத்தனை மைக், எத்தனை டி.ஐ. பாக்ஸ் என்ற பட்டியலும் நிகழ்ச்சி நடத்துபவருக்குப் போய்ச் சேர வேண்டும். எத்தனை மணிக்கு வரவேண்டும், டிரம்ஸ் அங்கே இருக்கிறதா, எத்தனை மானிட்டர்கள், பணம் உண்டா, யார் தருவார் என்பவற்றையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொது டிரம்ஸ் என்றால் ஸ்னேர் டிரம், சிம்பல்கள், கால் பெடல், கோல்கள் ஆகியவற்றை நம் டிரம்ஸ்காரரே கொண்டுபோவது வழக்கம்.

சவுண்ட் செக் பெரும்பாலும் டிரம்ஸில் தொடங்கி, பேஸ், கிட்டார், கீபோர்டு, குரல் என்று போகும். உங்கள் முறை வரும்வரை கருவியைத் தொடாதீர்கள். உங்கள் முறை வந்ததும், நிகழ்ச்சியில் எவ்வளவு ஓங்கி வாசிப்பீர்களோ அவ்வளவு ஓங்கி வாசியுங்கள். மென்மையாக வாசித்துக் காட்டிவிட்டுப் பிறகு ஓங்கினால் சவுண்ட் இன்ஜினியர் செய்த வேலை வீண். மானிட்டரில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: ‘எனக்கு எல்லாம் கேட்க வேண்டும்’ என்பதைவிட, ‘குரல் சற்றுக் கூட, கீபோர்டு சற்றுக் குறைய’ என்பது அவருக்கு உதவும். சுருதிக்கும் தாளத்துக்கும் யாரை நம்பி நீங்கள் வாசிக்கிறீர்களோ அவர்கள் இருவரும் கேட்டால் போதும். காலி அரங்கில் எதிரொலித்த ஒலி, ஆட்கள் நிறைந்தபின் அடங்கிவிடும். மனித உடலும் உடைகளும் மேல்சுரங்களை உறிஞ்சிக்கொள்ளும். எனவே சவுண்ட் செக்கில் கேட்டதுபோலவே கேட்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மேடை பெரிதாக இருந்தாலும் பரந்து நிற்காதீர்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர்தான் செல்கிறது. 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம்ஸ் 29 மில்லிநொடி தாமதமாகவே கேட்கும். தாளம் சேரவில்லை என்ற உணர்வு வர அதுவே போதும். ஒத்திகை அறையில் எவ்வளவு நெருக்கமாக நின்றீர்களோ, மேடையிலும் ஏறத்தாழ அவ்வளவு நெருக்கமாக, டிரம்ஸ்காரரைப் பார்க்கும்படி நில்லுங்கள்.

8. பணமும் பாடல் உரிமையும்

கிடைக்கும் பணத்தில் முதலில் செலவுகளைக் கழித்து, மீதியைச் சமமாகப் பகிர்வதோ பொதுக் கணக்கில் வைப்பதோ எளிய முறை. பொதுப்பணத்தில் கருவி வாங்குவதை நான் ஆதரிப்பதில்லை, ஏனெனில் ஒருவர் விலகும் நாளில் மிக்சரைப் பங்கு போட முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் உரிமையாளர் ஒருவரே இருக்கட்டும்.

சொந்தப் பாடல் உருவான அன்றே, வரிகள் யாருடையவை, மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று எழுதி எல்லாரும் கையெழுத்திட்டுத் தேதி போட்டுவிடுங்கள். பாடலின் உரிமையும் அதன் ஒலிப்பதிவின் உரிமையும் இரண்டு தனித்தனி உரிமைகள் என்பதை மறக்க வேண்டாம். பதிப்புரிமை பற்றிய சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில் படைப்பாளியின் உரிமை, பொதுவாக அவர் ஆயுட்காலம் முழுவதும், அதன் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே பிறர் பாடலைப் பொது மேடையில் வாசிக்க அனுமதி தேவைப்படும். பல இடங்களில் அரங்கத்தினரே அதற்கான கட்டணத்தைச் செலுத்தியிருப்பார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதே பாடலைப் பதிவு செய்து வெளியிடுவதற்கு உரிய அனுமதி வேறு.

9. ஒருவர் விலகும்போதும் புதியவர் வரும்போதும்

வேலை மாற்றம், குழந்தை, உடல்நலம் என்று ஏதோ ஒரு காரணத்தால் யாராவது ஒருவர் சில ஆண்டுகளில் விலகத்தான் செய்வார். விலகுபவர் ஒரு மாதம் முன்னதாகச் சொல்வது என்றும், ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவது என்றும் தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தால், விலகல் சண்டையாக மாறாது.

இரண்டாம் பகுதியில் எழுதச் சொன்ன ஒரு பக்கத் தாள்கள் பெரிய உதவியாக இருப்பது இந்த நேரத்தில்தான். புதிதாக வருபவரிடம் 20 பாடல்களின் பெயரைச் சொல்லி அனுப்பாமல், மூன்றே பாடல்களின் தாள்களையும், குழு வாசித்த அண்மைப் பதிவுகளையும் கொடுத்து, இரண்டு வாரம் அவகாசம் தாருங்கள். மூலப்பதிவை மட்டும் கேட்டுக்கொண்டு வருபவருக்கு, நீங்கள் ஸ்கேலை இறக்கியதும் இடையிசையைப் பாதியாகச் சுருக்கியதும் தெரிந்திருக்க வழியில்லை. முடிந்தால் விலகுபவரும் புதியவரும் ஒரே ஒத்திகையில் அருகருகே உட்காரட்டும். எந்த இடத்தில் யாரைப் பார்க்க வேண்டும், எந்தப் பாடலில் பாடுபவர் சில நேரம் ஒரு பார் முந்தி வந்துவிடுவார் என்பவையெல்லாம் தாளில் எழுதப்படாதவை. அவற்றை அவர் காதில் மெல்லச் சொல்லிக் கொடுக்க அந்த ஒரு மாலை போதும்.